திங்கட்கிழமைச் சேறு

ஏப்ரல் 12

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கிறது. படி ஏறும்போது மட்டும் தன் இருப்பை ஞாபகப்படுத்துகிறது. உன் தலைவலி, மாப்பிள்ளையின் இருமல், பொடிசின் ஆடும் பல் எல்லாம் எப்படி இருக்கின்றன? தொலைபேசியில் கேட்கலாம்தான். ஆனால் நாம் தொலைபேசியில் பேசினால் யாராவது ஒருத்தி பாதியில் வைத்துவிடுகிறோம். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

எங்கள் நிலையத்துக்குப் புது இயந்திரம் வரப்போகிறது, சேற்றைப் பிழிய.

"அங்க என்னதான் பண்றீங்க?" என்று நீ கேட்கும்போதெல்லாம் ஏதோ சொல்லித் தப்பித்திருக்கிறேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். ஊர்ச் சாக்கடை முழுதும் எங்களிடம் வருகிறது. தண்ணீரைத் தெளியவைத்து ஆற்றில் விடுகிறோம். அடியில் தங்குகிற கறுப்புச் சேறுதான் பெரும்பாடு. அதில் பெரும்பங்கு தண்ணீரே என்பதால் லாரியில் அள்ளிப்போட முடியாது. இரண்டு அகலமான பட்டைகளுக்கு நடுவே விட்டு, ஈரமண் பதத்துக்குப் பிழிந்து அனுப்புகிறோம். பிழிகிற பெல்ட் பிரஸ் இரண்டும் நான் சேர்ந்தபோதே கிழடு தட்டியவை. பட்டை கிழியும், உருளை முனகும், ஆனால் வேலை நிற்காது. அவற்றை ஓட்டுபவரை எல்லோரும் 'பெல்ட்' என்றே கூப்பிடுகிறோம். சொந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கமாட்டார்.

புதியது ஒரே ஒரு பெரிய உருளை. வேகமாகச் சுழன்று தண்ணீரை வேறு, சேற்றை வேறு ஆக்கிவிடுமாம். எங்கள் ஆட்கள் அதற்குள் 'ராட்டினம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விற்க வந்தவர் எவ்வளவு வியர்த்தாலும் கோட்டைக் கழற்றுவதில்லை. அவர் பெயர் 'கோட்டு'.

கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றுதான். புதியது ஒழுங்காக ஓடும்வரை பழையதில் ஒன்றையாவது விட்டுவைக்கலாமே என்றேன்.

"பழசையும் வச்சுக்கிட்டா புதுசு மேல எப்படி மேடம் நம்பிக்கை வரும்?" என்றார் மேனேஜர்.

கட்டடத்தில் இடமும் இல்லை. பழைய இரண்டின் அடித்தளத்தை உடைத்தால்தான் ராட்டினத்தை உட்காரவைக்க முடியும். கிரேன் வருகிற அன்றே எல்லாம் முடிய வேண்டும். என் மறுப்பைச் சொன்னேன். பிறகு எல்லோரோடும் சேர்ந்து கையெழுத்தும் போட்டேன்.

மாப்பிள்ளையிடம் சொல்: இனி அவருக்கு இன்னும் சுத்தமான ஆறு வரும் என்று கோட்டு சத்தியம் செய்திருக்கிறார்.

உன் அக்கா


ஏப்ரல் 29

அன்பான அக்காவுக்கு,

எல்லோரும் திடமாக இருக்கிறோம். பொடிசின் பல் விழுந்துவிட்டது. அந்த ஓட்டையைக் கண்ணாடி முன் நின்று அவள் பார்த்துக்கொண்டே இருக்க, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நான் கத்துவதுதான் இங்கே காலைப் பாட்டு. உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை அதையும் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா?

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். ஒரே சிரிப்பு. "உங்க அக்கா கழுவி விடறாங்க, நான் துவட்டி ஊருக்குக் கொடுக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே ஆத்துலதான் பொழப்பு" என்கிறார். பம்ப் ஹவுஸ் பொறுப்பு வந்ததிலிருந்து இவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் குழாயில் நேராக ஒரு டம்ளர் பிடித்து, அவர்கள் எதிரிலேயே குடித்துக் காட்டுகிறார். ஆற்றிலிருந்து இழுத்து, மணல் படுகையில் வடித்து, குளோரின் போட்டு ஊருக்கு அனுப்புவது இவர்தான் என்பது தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும்.

பக்கத்து வீட்டுக்கு ஒரு தையற்காரி குடிவந்திருக்கிறாள். சின்னப் பெண். கைக்குழந்தை ஒன்று. வேலை மிகுந்தால் குழந்தையை நம் வீட்டில் விட்டுவிடுவாள். பொடிசு அவனை இடுப்பை விட்டு இறக்குவதில்லை. "தம்பிக்கும் பல் இல்லை, எனக்கும் பல் இல்லை" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒருமுறை வந்துவிட்டுப் போயேன்.

உன் தங்கை


ஜூன் 10

அன்புள்ள தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் கொஞ்சம் கெட்டிருக்கிறது.

ராட்டினம் வந்துவிட்டது. பழைய பிரஸ்களைக் கிரேன் தூக்கியபோது பெல்ட் வெளியே போய் நின்றுகொண்டார். திறப்பு விழா நடந்தது, பொத்தான் அமுக்கப்பட்டது, கைதட்டினோம். கோட்டு கிளம்பிப் போன மறுநாளிலிருந்து, தெளிவாக வர வேண்டிய தண்ணீர் மைபோல வருகிறது. அந்தத் தண்ணீர் திரும்ப நிலையத்தின் தலைவாயிலுக்கே போகிற மாதிரி குழாய் அமைப்பு. ஆக, முன்வாசலில் தள்ளிய சேறு பின்வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. சேற்றைத் திரட்டப் போடும் மருந்துத் தூளைக் கூட்டினோம், குறைத்தோம், வேறு தூள் மாற்றினோம். மெஷின் அலறுகிற அலறலில் பக்கத்தில் நின்றால் காது அடைத்துக்கொள்கிறது.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். சந்தோஷப்பட முடியவில்லை.

இங்கே ஞாயிற்றுக்கிழமை லாரி வராது. லாரி வராத அன்று பிழிவதில்லை. சேறு தொட்டியில் கிடந்து தானாகவே கெட்டிப்பட்டுவிடும். பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதோ திங்கட்கிழமை காலையில், வந்தவுடன் முதல் வேலையாக. நான் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். பரிசோதனைக் கூடத்துக்கு நான் பொறுப்பேற்ற பிறகும் அப்படித்தான். ஏன் திங்கட்கிழமை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எதையும் சந்தேகப்படுகிறவள் என்று என்னைக் கேலி செய்வாயே, இதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. மெஷினின் அளவைத் தீர்மானிக்கக் கம்பெனிக்கு மாதிரியாக அனுப்பிய வாளியும் திங்கட்கிழமை வாளிதான். மற்ற நாட்களில் வருகிற சேறு பாதிக்குப் பாதி நீர்த்தது, அளவில் இரண்டு பங்கு. பழைய பிரஸ்கள் எதைக் கொடுத்தாலும் முனகிக்கொண்டே தின்றுவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. ராட்டினம் திங்கட்கிழமைச் சேற்றுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

மேனேஜரிடம் சொன்னேன்.

"இப்ப இதைச் சொல்லி என்ன மேடம் பண்றது? பழசு இரும்புக் கடைக்குப் போயாச்சு" என்றார்.

வெளியே வந்தபோது பெல்ட், "கவலைப்படாதீங்க மேடம். வாரம் பூரா திங்கட்கிழமையா இருக்கச் சொல்லி ஒரு ஆர்டர் போட்டுட்டாப் போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பொடிசுக்குப் புதுப் பல் எட்டிப் பார்த்துவிட்டதா?

அக்கா


ஜூன் 27

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். பல் எட்டிப் பார்க்கிறது, கொஞ்சம் கோணலாக. உன்னைப் போல என்று இவர் சொல்கிறார்.

உன் கடிதத்தில் பாதிதான் எனக்குப் புரிந்தது. புரிந்த பாதியை இரண்டு தடவை படித்தேன். நீ வேலையைப் பற்றி இவ்வளவு எழுதியதே இல்லை. லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் இங்கே வந்து கிட. மெஷினை வாங்கினவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், முட்டாள்தனமாக இருந்தால் திட்டாதே. பிழியவும் முடியவில்லை, லாரியில் போகவும் இல்லை என்றால், தினமும் வருகிற சேறெல்லாம் எங்கே போகிறது?

தங்கை


ஜூலை 30

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

ராட்டினம் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பேரிங் கருகிப்போனது. மாற்றுப் பேரிங் கப்பலில் வர வேண்டுமாம். கோட்டின் தொலைபேசியை எடுப்பது இப்போது ஒரு பெண். "சார் மீட்டிங்ல இருக்கார்" என்கிறாள். சார் ஒரு மாதமாக மீட்டிங்கிலேயே இருக்கிறார். வேறு ஊரிலிருந்து ஒரு பழைய பிரஸ்ஸை வாடகைக்குக் கேட்டோம். தருகிறோம் என்றார்கள், பிறகு தங்களுக்கே போதவில்லை என்றார்கள். தொட்டி லாரி வைத்துச் சேற்றை நீராகவே எடுத்துப்போகச் சொன்னோம். கொட்டப்போன இடத்தில் ஆட்கள் மறித்து, டிரைவரை அடித்துவிட்டார்கள். அதன்பிறகு லாரியும் வருவதில்லை.

தொட்டிகள் எல்லாம் விளிம்புவரை நிற்கின்றன. தெளிவுத் தொட்டியின் மேல் ஒரு கறுப்பு ஆடை படர்ந்து, பால் பொங்குவதுபோலப் பொங்கி வருகிறது. நீளமான பலகைகளால் அதை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். தள்ளிவிட்டுத் திரும்பினால் மறுபடி வந்து நிற்கிறது. என் அறை ஜன்னலைச் சாத்தினாலும் நாற்றம் உள்ளேதான் இருக்கிறது. வீட்டுக்குப் போய்த் தலைமுடியை முகர்ந்தால் அங்கும்.

மேனேஜர் அடிக்கடி வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறார். மழை வந்தால் நல்லது என்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். மழைக்காலம் வருகிறதே, அதற்காகச் சொல்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்பான அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். உன்னை நினைத்தால்தான் கவலை. சாப்பிடுகிறாயா?

தண்ணீர் காய்ச்சச் சொன்னதை இவரிடம் சொல்லித் தொலைத்தேன். முகம் தொங்கிவிட்டது. "என் தண்ணியை என் வீட்லயே காய்ச்சிக் குடிக்கணுமா? தெருவுல ஒருத்தன் பார்த்தாப் போதும். பம்ப்காரன் வீட்லயே காய்ச்சறாங்கன்னா ஊர்ல எவன் குழாயைத் திறப்பான்? உங்க அக்காவுக்கு என் மேல நம்பிக்கை இல்லன்னு சொல்லு, ஒத்துக்கறேன்." அதோடு தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். ஆகையால் காய்ச்சவில்லை.

இவருக்கும் கொஞ்ச நாளாக மனசு சரியில்லை. மணல் படுகை சீக்கிரம் அடைத்துக்கொள்கிறதாம். கழுவிவிட்டால் மறுபடி அடைக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் கறுப்பாக, வழவழவென்று இருக்கிறது என்கிறார். குளோரினைக் கூட்டிப் போடுகிறார். கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது, ஆபீஸில் கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள். "உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன், அங்க ஏதாச்சும் வித்தியாசமா இருக்கான்னு" என்றார்.

கேட்கிறேன், அக்கா. அங்கே ஏதாவது வித்தியாசமாக இருக்கிறதா?

போன கடிதத்தில் கேட்டதற்கும் நீ பதில் எழுதவில்லை.

தங்கை


ஆகஸ்ட் 16

தங்கைக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

தண்ணீரைக் காய்ச்சு. நன்றாகக் கொதித்த பிறகும் கொஞ்ச நேரம் அடுப்பில் விடு. பல் தேய்க்கவும் அதையே கொடு. மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் காய்ச்சி, ஆறவைத்து, வழக்கமான பானையில் ஊற்றிவிடு. அவரிடம் சொல்ல வேண்டாம். யாரிடமும் சொல்ல வேண்டாம். பொடிசை ஆற்றுப் பக்கம் விடாதே. முடிந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச நாள் வேறு எங்காவது போய் இரு.

என்னை எதுவும் கேட்காதே.

அக்கா


செப்டம்பர் 8

அக்காவுக்கு,

நீ தொலைபேசியை எடுக்கவில்லை. எத்தனை முறை அடிப்பது? அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாளிலிருந்து காய்ச்சினேன். நீ சொன்னபடி, இவர் போன பிறகு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. திருடிபோல இருந்தது. ஆனாலும் காய்ச்சினேன். இவர் வேலைக்கு எடுத்துப்போகவும் அதையே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் தெருமுனையில் ஆரம்பித்தது. வாந்தி, பேதி, காய்ச்சல். ஒரு வீடு, அடுத்த வீடு, அப்புறம் எல்லா வீடும். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் வராந்தாவில் பாய் போட்டுப் படுக்கவைத்திருக்கிறார்கள். குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தையற்காரியின் குழந்தைக்கு வெள்ளிக்கிழமை தொடங்கியது. நான்தான் அவளோடு போனேன். அவன் கண் உள்ளே போய், தோல் மடிந்து, அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் என் கையில் கிடந்தான். சனிக்கிழமை போய்விட்டான்.

பொடிசு என்னிடம் கேட்கிறாள்: "தம்பிக்கு வந்தது எனக்கு ஏன்மா வரல?"

நமக்கு ஒன்றும் வரவில்லை, அக்கா. இந்தத் தெருவில் நம் வீட்டில் மட்டும் யாரும் படுக்கவில்லை.

உனக்கு எப்படித் தெரிந்தது?

தங்கை


செப்டம்பர் 27

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பார்த்தேன். அந்தக் குழந்தையைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள். பொடிசு நன்றாக இருக்கிறாள் என்பதில் ஆறுதல். அவளுக்குச் சத்தான ஆகாரம் கொடு. நீயும் பட்டினி கிடக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவு.

ஆற்றோரம் இருக்கிற எல்லா இடங்களுக்கும் போகிறவர்கள் என்று சொல்லி எங்கள் நிலையத்துக்கும் விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். மேனேஜர் டீ வரவழைத்தார். ஆற்றில் விடுகிற தண்ணீரின் பரிசோதனை முடிவுகளைக் கேட்டார்கள். காட்டினேன். அவையும் திங்கட்கிழமை முடிவுகள்தான். நன்றாகவே இருக்கின்றன. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததை நான் சொல்லவில்லை.

அவர்கள் போனபின் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, "ஆத்துக்கு வாய் இல்ல மேடம். நமக்குத்தான் இருக்கு. அதைப் பார்த்துத் திறக்கணும். இங்க வேலை பார்க்கறவங்க எல்லாருக்கும் குடும்பம் இருக்கு" என்றார்.

எனக்கும் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன்.

பேரிங் இன்னும் வரவில்லை. மாப்பிள்ளையின் இருமல் எப்படி?

அக்கா


அக்டோபர் 5

அக்காவுக்கு,

இருமலைக் கேட்டிருந்தாய். இருமல் இல்லை. வேலையும் இல்லை.

சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். குளோரின் சரியாகப் போடவில்லை, அலட்சியத்தால் உயிர்ச்சேதம் என்று வழக்குப் போடப் போகிறார்கள். விசாரணையில் இவர், "என் வீட்லயும் அதே தண்ணியைத்தான் சார் குழாயில பிடிச்சுக் குடிக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார். அதுதான் உண்மை என்று நம்பித்தான் சொன்னார். அடுத்ததாகத் தையற்காரியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழந்தையை நம் வீட்டில் விடப் பின்வாசல் வழியாக வந்தவள் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் அல்ல, தினமும். அதைச் சொல்லிவிட்டாள். அவள் பொய் சொல்லவில்லை.

இப்போது ஊரே பேசுகிறது. "தெருவே படுத்துச்சு, பம்ப்காரன் வீட்டுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே ஊருக்கு விட்டிருக்கான்." கதவில் சாணியும் கல்லும் விழுகின்றன. பொடிசைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

இவர் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார். "காய்ச்சினியா?" என்றார். ஆமாம் என்றேன். "யார் சொன்னா?" என்றார். தோன்றியது, செய்தேன் என்றேன். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. நீ சொன்னாய் என்று நான் சொல்லவில்லை, அக்கா. நீ யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் அம்மாவிடமும் சொல்லவில்லை.

வக்கீல், ஆற்றில் நமக்கு மேலே இருக்கிற உங்கள் நிலையத்திலிருந்து ஏதாவது வந்திருக்குமா என்று கேட்டதற்கு இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அங்க என் மனைவியோட அக்கா இருக்காங்க சார். அப்படி எதாவது நடந்திருந்தா முதல்ல எனக்குத்தான் சொல்லியிருப்பாங்க."

பத்தொன்பதாம் தேதி கடைசி விசாரணை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளப் போகிறாராம். தப்பு எங்கே என்று தெரியவில்லை, ஆனால் தண்ணீர் தன் கையிலிருந்துதானே போனது என்று வக்கீலிடம் சொன்னாராம். நாள் முழுதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். விளக்குப் போட்டால் எழுந்து அணைத்துவிடுகிறார்.

உன் முழங்காலைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை.

தங்கை


அக்டோபர் 12

தங்கைக்கு,

ஆமாம். சேறு ஆற்றுக்குத்தான் போனது.

ஆகஸ்டில் முதல் பெருமழை பெய்த அன்று, தொட்டிகளின் அடி வால்வைத் திறந்தோம். ஆறு எப்படியும் கலங்கி ஓடும், யாருக்கும் தெரியாது என்றார் மேனேஜர். திறக்காவிட்டால் தொட்டியின் கரை உடைந்து, கீழே இருக்கிற குடியிருப்புக்குள் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும் என்றார். அது பொய்யல்ல. ஆனால் அவர் அங்கே வரவில்லை. வால்வின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பெல்ட் மழையில் என் முகத்தைப் பார்த்தார். "சொல்லுங்க மேடம்" என்றார். நான் தலையசைத்தேன். அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் திறந்தோம். பிறகு மழை இல்லாத நாளிலும்.

உனக்குக் காய்ச்சச் சொல்லி எழுதினேன். ஏன் என்று எழுதியிருந்தால் மாப்பிள்ளை அன்றைக்கே பம்பை நிறுத்தியிருப்பார். நிறுத்தினால் ஊர் ஏன் என்று கேட்கும். கேட்டால் எங்கள் வாசலுக்கு வரும். இதையெல்லாம் பின்னால் யோசித்துச் சொல்லவில்லை. அந்த வரியை எழுதும்போதே யோசித்துத்தான் எழுதினேன். உன் வீடு மட்டும் தப்பித்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். உன்னைக் காப்பாற்ற நான் சொன்னதே மாப்பிள்ளையின் கழுத்துக்குக் கயிறாகும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. அந்தக் குழந்தையும் வரவில்லை. உன் கடிதத்தில் அவன் இருந்தான், பொடிசின் இடுப்பில். இருந்தும் எனக்கு அவன் ஞாபகம் வரவில்லை.

நேற்று பெல்ட் என் அறைக்கு வந்தார். நான் போகப் போகிறேன் என்று எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. "மேடம், நீங்க படிச்சவங்க. எங்கயாச்சும் பொழைச்சுக்குவீங்க. சக்கரத்தைத் திருப்பினது என் கைதானே" என்றார். சொன்னது என் தலை, அதைத்தான் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

பத்தொன்பதாம் தேதி வருகிறேன். நேராக விசாரணைக்குப் போவேன். வீட்டுக்கு வரமாட்டேன். அங்கே என் வாயால் நீங்கள் கேட்பதற்குமுன் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் கொடு. எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்.

அக்கா


நவம்பர் 20

இவருக்கு வேலையைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த அன்று ஆபீஸில் யாரோ கை குலுக்கினார்களாம். கதவில் கல் விழுவது நின்றுவிட்டது. எறிந்தவர்களே வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். பொடிசு பள்ளிக்கூடம் போகிறாள்.

உன்னையும் மேனேஜரையும் நீக்கிவிட்டதாகப் பேப்பரில் பார்த்தோம். அந்த வால்வுக்காரர் என்ன ஆனார் என்று போடவில்லை. மெஷின் இன்னும் ஓடவில்லையாம். ஓடும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றில் விட்டுக்கொள்ள இப்போது மேலிடமே அனுமதி கொடுத்திருக்கிறது. விடுவதற்கு முன் அங்கிருந்து இவருக்குப் போன் வருகிறது. இவர் பம்பை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார். ஊரெல்லாம் காய்ச்சித்தான் குடிக்கிறது. தண்டோராப் போட்டுச் சொன்னார்கள். முன்பே செய்திருக்கக் கூடியது இவ்வளவுதான்.

விசாரணையில் நீ பேசியபோது இவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "உங்க அக்கா தண்ணி கூடக் கேட்காம நின்னுக்கிட்டே பேசினாங்க. யாரும் ஒரு நாற்காலி போடல" என்று சொல்லிவிட்டு அழுதார். அவரை நான் தேற்றினேன்.

தையற்காரி இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய இயந்திரம் ஓடுகிற சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் துணி உலர்த்தும்போது கொடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் திரும்பிப் போயிருக்க வேண்டும், போகவில்லை. அவள் சண்டை போடவில்லை. ஒரு சட்டையை உதறிக்கொண்டே கேட்டாள்:

"உங்களுக்குத் தெரிஞ்சுதானே காய்ச்சினீங்க? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா."

எனக்கு எதுவும் தெரியாது, காய்ச்சச் சொன்னார்கள், காய்ச்சினேன் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஈரத் துணியை வாளியில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

உன்னை இங்கே வந்து இருக்கச் சொல்லி இவர் எழுதச் சொன்னார். மாடி அறையைக் கூட்டி, கட்டிலைக்கூடப் போட்டுவிட்டார். எழுதிவிட்டேன்.

வா என்று நான் இன்னும் சொல்லவில்லை.

தங்கை